கொசு கிடையாது

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

இந்தத் தவக்காலத்துக்கு நான் விடப்போவது கறி இல்லை, கோபம். கறியைப் போன வருஷம் விட்டேன். ஆனால் கறி தின்னாத அத்தனை நாளும் எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன் என்று என் தங்கச்சி செலின் பங்குச் சாமியாரிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள். கூடப் பிறந்ததே இப்படி.

சாமியார் சிரித்துக்கொண்டே, "அமலோற்பவம், கோபம் வந்தா வாயைத் தொறக்காதீங்க. ஒரு நோட்டுல எழுதி வைங்க. ஈஸ்டர் அன்னிக்கு அதைக் கிழிச்சுப் போட்ருங்க" என்றார். அதனால் இந்த நோட்டு.

நெற்றிச் சாம்பல் காய்வதற்குள் முதல் கோபம் வந்துவிட்டது. நாலாம் அறையில் தங்கியிருக்கும் கோயம்புத்தூர்க்காரர், "என்னங்க, ரூம்ல ஃபேனே இல்லையே" என்று கேட்டார். கொடைக்கானலில்! பிப்ரவரியில்! வாசல் போர்டில் அப்பா தன் கையால் எழுதியது அப்படியே இருக்கிறது: 'குளிர்ச்சோலை விடுதி. ஆறு அறைகள். ஃபேன் தேவையில்லை. கொசு கிடையாது.' படிக்கத் தெரியாதா மனுஷனுக்கு? வாயை மூடிக்கொண்டு வந்து இங்கே எழுதுகிறேன்.

பிப்ரவரி 23

குழாயில் தண்ணீர் வந்து எட்டு நாள் ஆகிறது. டிரம்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு லாரித் தண்ணீர் வாங்கி நிரப்பினோம். இந்த வருஷம் ஒரு நாள்கூட உறைபனி விழவில்லை. பின்பக்கத்துப் பேரிக்காய் மரம் பூத்த மாதிரி பூத்துவிட்டு எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டது. செலின் சமையலறையில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "நம்ம ஊரு கொஞ்சங் கொஞ்சமா எறங்கி வத்தலக்குண்டு பக்கம் போய்க்கிட்டிருக்குக்கா. நாமதான் கவனிக்கல."

நான் ஸ்வெட்டரைக் கழற்றாமலே வேலை செய்தேன். வேர்த்தது. அதற்காகக் கழற்ற முடியுமா?

பிப்ரவரி 27

செலின் தன் முழங்கையில் பட்டென்று ஓர் அடி போட்டு, உள்ளங்கையைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். கறுப்பாக ஒன்று நசுங்கிக் கிடந்தது. காலில் வெள்ளை வரி.

"கொசுக்கா."

"மலைப்பூச்சிடி அது."

"கோடு போட்ட பேன்ட்டெல்லாம் போட்டிருக்கு. டூரிஸ்ட்டா வந்திருக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள். சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய்க் கொசுவர்த்திச் சுருள் ஒரு பெட்டி வாங்கி வந்தாள். நான் அதை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். வாசலில் கொசுவர்த்தி வாசனை அடித்தால் அந்தப் போர்டுக்கு என்ன மரியாதை?

மார்ச் 6

மதுரையிலிருந்து சோலைராஜ் என்று ஒருவர், மனைவி, மகிழினி என்ற ஆறு வயதுப் பெண் குழந்தை. இரண்டாம் அறை. குழந்தைக்கு வரும்போதே காய்ச்சல். பஸ்ஸில் வந்த களைப்பு என்றார்கள். செலினுக்கு அது போதும். இன்று அவர்கள் கிளம்பும் வரை மூன்று நாளும் குழந்தையை இடுப்பை விட்டு இறக்கவில்லை. மிளகு ரசம் விட்டுக் குழைத்த சோறு ஊட்டினாள். வெயில் படட்டும் என்று முற்றத்து மாதா கெபியின் படியில் உட்காரவைத்துக் கதை சொன்னாள்.

கெபியையும் அப்பாதான் கல் அடுக்கிக் குகை மாதிரி கட்டினார். மாதாவின் காலடியில் ஒரு கல்தொட்டி. பெரியம்மா மடத்தில் கன்னியாஸ்திரியாக இருந்தபோது லூர்து நகரத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த தீர்த்தத்தை அதில் ஊற்றினார். அன்றிலிருந்து தொட்டி வற்றியதில்லை. குறையக் குறைய மேலே ஊற்றுவோமே தவிர, அடியோடு காலி செய்ததே இல்லை. தினம் விடிந்ததும் அதைத் துடைத்துப் பூ வைப்பது செலின் வேலை. காய்ச்சல்காரக் குழந்தை அதில் விரல் நனைத்து நெற்றியில் பூசிக்கொண்டு செலினைப் பார்த்துச் சிரித்தது.

செலினுக்கு ஒரு குழந்தை பிறந்திருக்கலாம். கல்யாணம் வேண்டாம் என்று என்னோடு இருந்துவிட்டாள். எனக்குத் துணையாம்.

மார்ச் 13

சோலைராஜ் போன் செய்தார். குழந்தைக்கு டெங்குவாம். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து இப்போது பரவாயில்லையாம். நல்லது. அதோடு வைத்திருக்கலாம். "டாக்டர் ஒங்களுக்கும் சொல்லிரச் சொன்னாரும்மா. பாப்பா காய்ச்சலோட அங்க இருந்திருக்கால்ல. அங்க யாருக்காச்சும் காய்ச்சல் வந்தா ஒடனே ரத்தம் பாத்துருங்க."

மதுரைக் கொசு மதுரையில் கடித்ததற்கு எனக்கு எதற்கு போன்? இங்கே கொசு ஏது? வாய் வரை வந்தது. தவக்காலம் என்று விழுங்கிவிட்டு, "சரிங்க, பாப்பாவைப் பாத்துக்கங்க" என்று சொல்லி வைத்தேன்.

செலினிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் குழந்தையை நினைத்து அழுதுகொண்டே இருப்பாள். ஈஸ்டருக்கு ஆறு அறையும் பதிவாகிவிட்டது. அவள் அழுதுகொண்டிருந்தால் சமையலை யார் பார்ப்பது?

மார்ச் 17

இன்றைய கோபத்துக்கு இந்த நோட்டு போதாது.

கொசு ஒழிப்புப் பணியாளர்கள் என்று இரண்டு பெண்கள் வந்தார்கள். கையில் டார்ச், தோளில் பை. இந்தத் தெருவுக்கு இதுவரை அவர்கள் வந்ததே கிடையாது. பாண்டீஸ்வரி என்ற பெண் டிரம் டிரம்மாக மூடியைத் திறந்து பார்த்தாள். பார்க்கட்டுமே! செலின் கழுவும் டிரம்மில் முகம் பார்க்கலாம். பிரிட்ஜுக்குப் பின்னால், பூந்தொட்டித் தட்டு, எல்லாம் பார்த்தாயிற்று. போகிற போக்கில் கெபிக்கு முன்னால் நின்று தொட்டிக்குள் டார்ச் அடித்தாள்.

"அக்கா, இதைக் கொட்டணும்."

"அது தீர்த்தம்."

"எதா இருந்தாலும் கொட்டணும்க்கா. குனிஞ்சு பாருங்க, எப்படி நெளியுதுன்னு."

நான் குனியவில்லை. கண்ணாடி உள்ளே மேசையில் இருந்தது. கண்ணாடி இல்லாமல் எனக்கு என்ன தெரியும்?

"மந்திரிச்ச தண்ணியக் கால்படுற எடத்துல கொட்டக் கூடாதும்மா. ஒங்களுக்குத் தெரியாது" என்றேன்.

"அப்ப ரெண்டு சொட்டு மருந்து ஊத்திட்டுப் போறேன்."

மாதாவின் தீர்த்தத்தில் பூச்சி மருந்து! நான் கெபிக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றுவிட்டேன். செலின் மெதுவாக என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "ரோஜாச் செடி வேருல ஊத்திட்டாத் தப்பில்லக்கா. சாமியார்கிட்டக் குடுத்துப் புதுசா மந்திரிச்சு வாங்கிக்கலாம்."

"ஈஸ்டர் ராத்திரி எப்படியும் புதுத் தீர்த்தம் வரும். அன்னிக்கு மாத்திக்கலாம். இப்ப யாரும் கை வைக்க வேண்டாம்" என்றேன். கத்தவில்லை. கோபமே படவில்லை. அதைக் கர்த்தர் பார்த்திருப்பார்.

பாண்டீஸ்வரி கேட் சுவரில் சாக்பீஸால் ஏதோ குறித்துவிட்டுப் போனாள். அவர்கள் தெரு முனை திரும்பியதும் ஈரத்துணியால் துடைத்தேன்.

மார்ச் 21

செலின் கெபிக்குப் போகும்போது காலில் சாக்ஸ் போட்டுக்கொள்கிறாள். கேட்டால், "மாதாகிட்டப் போறப்ப மரியாதையாப் போறேன்" என்கிறாள். குறும்பு போகவில்லை இந்த வயதிலும்.

மார்ச் 24

அறைகளுக்குப் புது மெத்தை உறை தைத்து வந்தது. தையல்காரன் ஒன்றைக் கோணலாகத் தைத்திருக்கிறான். எழுதிவிட்டேன். திட்டவில்லை.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

பவனியில் பாதி வழியில் செலின் குருத்தை என் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். நல்ல காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் குத்துகிறதாம், இடுப்பு விட்டுப்போகிறதாம். வெறுந்தலையோடு பனியில் நிற்காதே என்றால் கேட்டால்தானே. பனி எங்கே என்கிறாள், காய்ச்சலிலும் வாய் ஓயவில்லை.

சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன். இரண்டு கம்பளி போர்த்தினேன்.

மார்ச் 30

டாக்டர் கிளமென்ட்டிடம் கூட்டிப் போனேன். நாக்கை நீட்டச் சொன்னார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார்.

"சமீபத்துல கீழ எங்கயாச்சும் போயிட்டு வந்தீங்களா?"

"கீழ எறங்கி ரெண்டு வருஷம் ஆச்சு டாக்டர். பெருமாள்மலையத் தாண்டல" என்றாள் செலின்.

"அப்ப பயப்பட ஒண்ணுமில்ல. சீதோஷ்ணம் மாறுதுல்ல, நெறயப் பேருக்கு வருது." பிறகு என் பக்கம் திரும்பினார். "வீட்ல வேற யாருக்காச்சும் காய்ச்சல் இருந்துச்சா?"

"வீட்ல நாங்க ரெண்டு பேருதான் டாக்டர். எனக்கு ஒண்ணுமில்ல."

இது பொய் இல்லை. குழந்தை எங்கள் வீட்டு ஆள் இல்லை, தங்க வந்தவர்கள் வீட்டுக் குழந்தை. அவர் கேட்டது வீட்டைப் பற்றி.

காய்ச்சல் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "நெறையத் தண்ணி குடிங்க. வியாழக்கிழமைக்குள்ள விடலன்னா வாங்க, ரத்தம் பாத்துருவோம்" என்றார். வெளியே கூட்டம் உட்கார்ந்திருந்தது. எழுந்து வந்துவிட்டோம்.

ஏப்ரல் 1

விடவில்லை. கொதிக்கிறது. சமையலுக்கு ஆள் இல்லாமல் நானே நிற்கிறேன். சாம்பாரில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன் போலிருக்கிறது, ஐந்தாம் அறைக்காரர் மோர் கேட்டு வாங்கிக் குடித்தார். செலின் படுத்தபடியே, "உப்புச் சாம்பார் போட்டுக் கூட்டத்தக் கொறச்சிட்டியாக்கா" என்றாள்.

அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த நோட்டில் கோபத்தைத்தான் எழுத வேண்டும். ஆனால் பயமாகத்தான் இருக்கிறது.

மதுரை நம்பரை போனில் எடுத்துப் பார்த்தேன். பண்ணவில்லை. நாளைக்கு எப்படியும் ரத்தம் பார்க்கப் போகிறோம்.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

காய்ச்சல் விட்டுவிட்டது!

காலையில் தொட்டுப் பார்த்தால் உடம்பு ஜில்லென்று இருக்கிறது. வேர்வை. மாதாவே, மாதாவே என்று வாய்விட்டு அழுதேன். செலின், "விட்ருச்சுல்ல, பெறகு எதுக்கு அழுவுற" என்று கேட்டாள். அதானே. விட்டுவிட்டது. நான்தான் தேவையில்லாமல் மனதைப் போட்டுக் குழப்பிக்கொண்டேன். டெங்காவது ஒன்றாவது!

ரத்தம் பார்க்கப் போகவில்லை. விடாவிட்டால்தானே வரச் சொன்னார். மதியமே ஈஸ்டர் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. கீழே வெயில் தாங்கவில்லையாம். ஏரியைச் சுற்றி வண்டி நகரவில்லையாம்.

செலின் ஒரு வாய் கஞ்சி குடித்தாள். போதும் என்றாள். களைப்புதான்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

செலினுக்கு வயிற்றுவலி. இரண்டு தடவை வாந்தி. கஞ்சி ஒத்துக்கொள்ளவில்லை. கை, கால் குளிர்ந்திருக்கிறது. கொடைக்கானலில் கை குளிராமல் எங்கே குளிரும்? இன்னொரு கம்பளி எடுத்துப் போர்த்தி, உள்ளங்காலில் தைலம் தேய்த்துவிட்டேன். காய்ச்சல் துளியும் இல்லை. இரண்டு தடவை பார்த்தேன்.

மூன்று மணி வழிபாட்டுக்குப் போய் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். "போயிட்டு வாக்கா, எனக்கும் சேத்துச் சிலுவைய முத்தி செஞ்சிரு" என்கிறாள்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

கிழிக்கவில்லை.

ஏப்ரல் 9

எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். சாமியார் சொன்னது கோபத்தை. இது அது இல்லை. ஆனாலும் எங்கேயாவது எழுத வேண்டும்.

வெள்ளிக்கிழமை சிலுவையை முத்தி செய்துவிட்டு வந்தபோது செலின் கட்டிலில் இல்லை. குளியலறை வாசலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பல் ஈறில் ரத்தம். "ஒண்ணுமில்லக்கா, மயக்கமா வந்துச்சு" என்றாள். நூற்றெட்டுக்கு போன் செய்தேன். டாக்டர் கிளமென்ட்டும் ஓடி வந்தார். கையைப் பிடித்துப் பார்த்தவுடன் அவர் முகம் மாறிவிட்டது. "ஒடனே கீழ கூட்டிட்டுப் போங்க" என்றார்.

மலைப்பாதை பூராவும் வண்டி. எல்லாம் மேலே வருகிற வண்டி. வெயிலுக்குப் பயந்து குடும்பம் குடும்பமாக வந்துகொண்டிருந்தார்கள். வளைவுக்கு வளைவு எங்கள் வண்டி நின்றது. ஒதுங்க இடம் இருந்தால்தானே ஒதுங்குவார்கள்? பக்கத்துக் காரில் ஒரு குழந்தை கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து, எங்களுக்குக் கை காட்டியது. இந்த ஜனங்கள்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவர்களை நம்பித்தானே நாங்கள் இத்தனை வருஷம் சாப்பிட்டோம்.

செலின் கண்ணைத் திறந்தாள். "அக்கா, அந்த மதுரைப் புள்ளைக்கு வந்தது இதுதானோ? பாவம், சின்னப் புள்ள. ஒரு போன் பண்ணிக் கேட்ருக்கலாம் நாம."

"பேசாதடி. பேசுனா மூச்சு வாங்கும்" என்றேன்.

அவளிடம் நான் பேசியது அதுதான் கடைசி.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா ஓட்டமும் நடையுமாக எல்லாம் செய்தார். ஒரு கையில் ஊசி குத்தி ரத்தக்குழாய் கிடைக்காமல் மறு கையில் குத்தினார்கள். அந்த அம்மா என்னிடம், "காய்ச்சல் எப்பம்மா விட்டுச்சு?" என்று கேட்டார்.

"நேத்துக் காலையிலயே விட்ருச்சும்மா. விட்ருச்சுன்னு சந்தோஷப்பட்டோம்."

"டெங்குல விட்ட பெறகுதாம்மா ஆபத்தே. காய்ச்சல் விட்ட அன்னிக்குத்தான் கூட்டிட்டு வந்திருக்கணும்."

சனிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் செலின் போய்விட்டாள். மேலே கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். எல்லோரும் ஈஸ்டருக்கு எடுத்த புதுத்துணியில் வந்திருந்தார்கள்.

ஏப்ரல் 11

டாக்டர் கிளமென்ட் வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "கீழ போகலன்னு சொன்னதும் நான் அந்தப் பக்கமே யோசிக்கலம்மா" என்றார். காபி கொடுத்தேன். குடிக்கவில்லை. "வேற யாருக்காச்சும் இருந்திருந்தா நான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஏப்ரல் 13

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கெபிக்குப் போனேன்.

குனிந்து பார்த்தேன். பாண்டீஸ்வரி டார்ச் அடித்துக் காட்டியது எதுவோ அது இன்னும் இருந்தது. நிறைய. என் நிழல் பட்டதும் எல்லாம் ஒன்றாக நெளிந்து அடிக்குப் போயின. செலின் தினமும் விடிந்ததும் இங்கே நின்றுதான் மாதாவுக்குப் பூ வைத்தாள்.

சின்னக் கிண்ணத்தால் மொண்டு மொண்டு ரோஜாச் செடியின் வேரில் ஊற்றினேன். செலின் சொன்ன அதே செடி. மொத்தமே அரை வாளித் தண்ணீர். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பிறகு தொட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் காயவைத்தேன். ஈஸ்டர் தீர்த்தம் சீசாவில் அலமாரியில் இருக்கிறது. அதை ஊற்றவில்லை.

எதிர்வீட்டு ரீத்தம்மாள் வந்து தொட்டியில் விரல் விட்டுப் பார்த்து, காய்ந்த விரலால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 16

பாண்டீஸ்வரியைத் தெருமுனையில் பார்த்து நானே கூப்பிட்டேன். அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. "அக்கா, அன்னிக்கு நானாச்சும் பிடிவாதமா நின்னிருக்கணும்" என்று அழுதாள். நான்தான் அவளைத் தேற்றினேன். வீடு முழுக்கப் பார்த்தாள். ஆறாம் அறைக் கூரையின் தகரக் கால்வாயில் போன மாத மழைத்தண்ணீர் தேங்கியிருந்ததாம். அதிலும் இருந்ததாம். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன்.

போகும்போது கேட் சுவரில் சாக்பீஸால் குறித்தாள். துடைக்கவில்லை.

அரிசி டின்னுக்குப் பின்னால் அந்தக் கொசுவர்த்திப் பெட்டி இன்னும் பிரிக்காமல் இருக்கிறது.

ஏப்ரல் 22

சீசன் ஆரம்பித்துவிட்டது. சாமியார் வந்து நோட்டைப் பற்றிக் கேட்டார். "கிழிச்சிட்டீங்களா?" "இல்ல சாமி." "கோபம் போயிருச்சா?" "கோபம் வரவே மாட்டேங்குது சாமி. செலின் இருந்தா ரொம்பச் சந்தோஷப்படுவா" என்றேன். அவர் என் தலையில் கை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. நான் அழுதேன்.

ஏப்ரல் 24

பெயிண்டர் வந்து போர்டின் கடைசி இரண்டு வரியையும் அழித்தான். "அந்த எடத்துல என்னம்மா எழுத?" என்றான். ஒன்றும் வேண்டாம் என்றேன். அப்பாவின் எழுத்து பெயிண்டுக்கு அடியிலும் மேடாகத் தெரிகிறது. வெயில் சாய்ந்து விழுந்தால் படிக்கலாம்.

மத்தியானம் திருச்சியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். மே முதல் வாரம் அறை வேண்டுமாம்.

"கைக்கொழந்த இருக்குங்க. இங்க வெயில்ல தவிச்சுப்போவுது. ஒங்க போர்டை நெட்டுல பாத்தேன். நெஜமாவே கொசு கெடையாதாங்க?"

"இருக்கும்மா."

"ஐயோ. அங்க யாருக்காச்சும் காய்ச்சல் கீய்ச்சல் இருந்துச்சா?"

கிளினிக்கில் கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை நான் வீடு எது, வீட்டு ஆள் எது என்று பிரித்துப் பார்க்கவில்லை.

"இருந்துச்சும்மா. இங்க வந்து தங்குன ஒரு கொழந்தைக்கு இருந்துச்சு. அப்பறம் என் தங்கச்சிக்கு."

"அய்யய்யோ. இப்ப விட்ருச்சாங்க?"

"காய்ச்சல் விட்ருச்சு" என்றேன். "அவதான் இல்ல."